ஃபிபுலா இல்லாமல் பிறந்த குழந்தை: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு குழி. வலது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்கம், கன்னத்தில் விழுவது போலச் சின்னதாக ஒரு குழி. அந்த இடத்தில் கால் முன்னுக்கு லேசாக வளைந்திருந்தது. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. விரல்கள் நான்கு. எண்ணிப் பார்த்துவிட்டு, தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினேன்.

என் மகளுக்கு இப்போது 11 வயது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவன், டாக்டர் இல்லை. இந்தப் பதினோரு வருடத்தில் டாக்டர்கள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை, எங்களுக்கு நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் குழந்தைக்கு என்ன செய்வது என்பதை அதன் எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதல் படி: இது என்ன, எது இல்லை

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். முன்பக்கம் தடவினால் கையில் தட்டுப்படும் தடித்த எலும்பு டிபியா. வெளிப்பக்கம் சதைக்குள் மறைந்திருக்கும் மெல்லிய எலும்பு ஃபிபுலா. இந்த ஃபிபுலா பாதியாகவோ முழுசாகவோ இல்லாமல் பிறப்பதற்கு ஃபிபுலார் ஹெமிமீலியா என்று பெயர். சுமார் 40,000 பிறப்புகளில் ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பிறவியிலேயே நீள எலும்பு குறைபடும் நிலைகளில் இதுதான் அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும்.

உடம்பின் பாரத்தைத் தாங்குவது டிபியாதான். அப்படியானால் மெல்லியது போனால் என்ன என்று நானும் கேட்டேன். கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்திருக்கிறதே, அது ஃபிபுலாவின் கீழ்முனை. பாதம் வெளியே நழுவாமல் அணைத்துப் பிடிக்கும் சுவர் அது. சுவர் இல்லாததால் பாதம் வெளிப்பக்கம் சாய்கிறது. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பல குழந்தைகளுக்கு நார் போன்ற ஒரு பட்டை இருக்கும். கூடவே வளராத அந்தப் பட்டை நாண் மாதிரி இழுத்துப் பிடிக்க, டிபியா வில் மாதிரி வளைகிறது. குழி விழுவது அந்த வளைவின் உச்சியில்.

பெயர் ஃபிபுலாவுடையது என்றாலும் விஷயம் அந்த ஒரு எலும்போடு நிற்காது. டிபியாவும் குட்டையாக இருக்கும், தொடை எலும்பும் கொஞ்சம் குட்டையாக இருக்கலாம். பாதத்தின் பின்பக்கத்துச் சின்ன எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஏ.சி.எல் என்ற தசைநார் பல பேருக்கு இருக்காது, அல்லது நலிந்திருக்கும். முழங்கால் உள்பக்கம் மடங்கி, 'எக்ஸ்' கால் போலத் தெரியலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் நிலைகள் இரண்டு. வளைபாதத்தில், அதாவது கிளப்ஃபுட்டில், பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். அதற்கு வாராவாரம் மாவுக்கட்டு போட்டுத் திருத்துவார்கள். நம் குழந்தைகளுக்குப் பாதம் வெளிப்பக்கம் போகும், அந்த மாவுக்கட்டு முறை இதற்குத் தீர்வு ஆகாது. இன்னொன்று டிபியாவே இல்லாமல் பிறப்பது. அது இன்னும் அரிது, சில குடும்பங்களில் பரம்பரையாக வரும், அதற்கான சிகிச்சையும் வேறு. ஆகவே "கால் எலும்பு இல்லை" என்று யாராவது சொன்னால் "எந்த எலும்பு சார்?" என்று கேட்டு, பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வீட்டில் வரும் பேச்சு

இதற்கும் ஒரு படி தேவையா என்றால், எங்கள் வீட்டில் இதுதான் பெரிய படியாக இருந்தது. ஆயா, அதாவது என் அம்மா, முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். "கிரகணத்தன்னிக்கு அரிவாள்மனையில கை வெக்காதேன்னு சொன்னேன், கேட்டாளா இவ?" என் மனைவி பதில் பேசவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கரு உருவான நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் கை கால்கள் மொட்டு விட்டு வடிவம் எடுத்துவிடுகின்றன. நாள் தள்ளிப்போனது உறுதியாகித் தாய்க்குத் தெரிவதற்குள்ளேயே பாதிக் காலம் ஓடியிருக்கும். ஃபிபுலா இல்லாமல் போவது பெரும்பாலும் தனியாக, காரணம் பிடிபடாமல் நடப்பது; அப்பா அம்மாவிடமிருந்து இறங்குவது இல்லை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். கையிலோ மற்ற உறுப்பிலோ வேறு மாற்றம் இருந்தால் மட்டும் மரபணு டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்வார்கள். ஆயாவிடம் இதை நான் சொன்னபோது நம்பவில்லை. ஓ.பி.யில் ஒரு லேடி டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டிம்மா, உங்க மருமக மேல ஒரு தப்பும் இல்ல" என்றதும் நம்பிவிட்டார். ஆகவே பெரியவர்களையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்து எண்ணெய் போட்டு உருவச் சொல்வார்கள். புத்தூர் பக்கம் போய்க் கட்டு கட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். நம் பக்கத்தில் எலும்பு என்றாலே புத்தூர்தானே. அது முறிந்த எலும்புக்கான கட்டு. இங்கே முறிந்தது எதுவும் இல்லை. இல்லாத எலும்பு கட்டினால் முளைக்காது. வளைந்த டிபியாவை நிமிர்த்துகிறேன் என்று யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: யாரிடம் காட்டுவது

குழந்தைகளுக்கான எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு மூட்டு மாற்றுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வளரும் எலும்பு தனிப் படிப்பு. வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை எலும்பியலுக்குத் தனிப் பிரிவு உண்டு. செயற்கைக் கால், காலணி, பயிற்சி என்று வரும்போது பாகாயத்தில் மேரி வர்கீஸ் பெயரில் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் அவர். அந்த நிலையம் 1966-இல் தொடங்கியது. அரசு வழியில் போகிறவர்களுக்கு அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிறவிக் குறைபாடுகளுக்கு அரசே நடத்தும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் என்ற ஏற்பாடும் உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் அனுப்பிவைப்பார்கள்.

அவசரம் இல்லை. முதல் மாதத்துக்குள் ஒருமுறை காட்டிவிட்டால் போதும். பச்சைக் குழந்தையின் எலும்பு முனைகள் இன்னும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் விழாது. "ஒண்ணுமே தெரியலையே, மறுபடி வரச் சொல்றாங்களே" என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். நாள் ஆக ஆகத்தான் படம் தெளியும். எல்லா எக்ஸ்ரேவையும் தேதி போட்டு ஒரே பையில் வையுங்கள்.

நான்காம் படி: இரண்டே இரண்டு எண்கள்

டாக்டர்கள் இதை வகை பிரிப்பார்கள். 1979-இல் வந்த அக்டர்மன், கலாம்சி வகைப்பாடு எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தது. கொஞ்சம் இருந்தால் 1ஏ, 1பி. சுத்தமாக இல்லாவிட்டால் 2. பெற்றோருக்கு அதைவிடப் பயன்படுவது பின்னால் வந்த பர்ச் வகைப்பாடு. இல்லாத எலும்பை அது பெரிதாக எண்ணுவதே இல்லை. கேட்பது இரண்டு கேள்விதான். பாதம் பயன்படுமா? கால் எத்தனை சதவீதம் குட்டை?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விரல் வரிசையை எண்ணுவார்கள். மூன்றோ அதற்கு மேலோ இருந்து, பாதத்தைத் தரையில் தட்டையாக வைக்க முடியுமானால் காப்பாற்றக்கூடிய பாதம்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பல வருடத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு வயதில் என் மகளின் நல்ல கால் 27 செ.மீ., குட்டைக் கால் 25. இரண்டு சென்டிமீட்டர்தானே, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றது சொந்தபந்தம். டாக்டர் ஒரு அட்டவணையைப் பார்த்து 2.97 என்ற எண்ணை எழுதினார். ஒரு வயதுப் பெண் குழந்தையின் கால் நீளத்தை அதால் பெருக்கினால் வளர்ந்து முடிந்தபின் வரும் நீளம். நல்ல கால் 80, மற்றது 74. ஆக வித்தியாசம் ஆறு சென்டிமீட்டர். ஆண் குழந்தைக்கு அதே வயதில் 3.24 ஆல் பெருக்க வேண்டும். வயது ஏற ஏற எண் குறையும். பெண்ணுக்கு மூன்று வயதிலும் பையனுக்கு நான்கு வயதிலும் ஏறக்குறைய 2 ஆகிவிடும், அதாவது பாதிக் கால் வளர்ந்தாகிவிட்டது.

இப்போது சதவீதத்தைப் பாருங்கள். 27-இல் 2 போனாலும் 80-இல் 6 போனாலும் ஏழரைதான். வருடா வருடம் வித்தியாசம் கூடுவதைப் பார்த்து நோய் முற்றுகிறது என்று பயந்துகொண்டிருந்தேன். முற்றவில்லை. பிறந்தபோது என்ன விகிதமோ பெரும்பாலும் அதே விகிதத்தில்தான் இரண்டு காலும் வளர்கின்றன. கடைசியில் எவ்வளவு குறையும் என்பது ஒரு வயதிலேயே கிட்டத்தட்டத் தெரிந்துவிடுவதால், அதற்கான திட்டத்தையும் அப்போதே போடலாம்.

பாதம் நன்றாக இருந்தால் வழிகள் இப்படிப் பிரியும். 6 சதவீதத்துக்குள் என்றால் காலணியிலேயே சமாளிக்கலாம், அல்லது வளர்ச்சி முடியும் முன் நல்ல காலில் முழங்கால் பக்கம் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டை நிறுத்திக் குட்டைக் காலுக்குச் சமன் செய்யலாம். 6-லிருந்து 10 வரை இதோடு எலும்பை ஒரு முறை அறுவை செய்து நீட்டுவதும் சேரும். 11-லிருந்து 30 வரை ஒன்று இரண்டு முறை நீட்ட வேண்டும், சிலருக்குப் பாதத்தை எடுத்துச் செயற்கைக் கால் வைப்பது நல்லது. 30-க்கு மேல் பெரும்பாலும் செயற்கைக் கால். பாதம் பயன்படாது என்றால் சதவீதம் பார்க்காமலே அந்தப் பேச்சு வரும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு கையும் பயன்படாத குழந்தை என்றால் பாதத்தை எடுக்கத் தயங்குவார்கள். சாப்பிடவும் எழுதவும் அந்தப் பாதம்தான் கை.

ஐந்தாம் படி: நடக்கும் வரையும், நடந்த பிறகும்

தவழட்டும், பிடித்துக்கொண்டு நிற்கட்டும். இந்தக் குழந்தைகளுக்கு வலி இல்லை, தானாகவே வழி கண்டுபிடித்துவிடும். என் மகள் நல்ல காலை மடக்கி, குட்டைக் காலை நீட்டி நிற்பாள்.

காலணி பற்றி மட்டும் என் தொழில் அனுபவத்தில் நீளமாகவே சொல்வேன். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர் வரை ஷூவுக்குள்ளேயே பட்டை வைக்கலாம். அதற்கு மேல் உள்ளே வைத்தால் குதிகால் வெளியே எழும்பி, ஷூ கழன்று விழும். அப்போது வெளிச் சோலில் ஏற்ற வேண்டும். நான் முதலில் செய்த தப்பு, தோல்தானே நமக்குத் தெரிந்தது என்று கெட்டித் தோலை அடுக்கி ஒட்டியது. தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு ஷூ இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு. குழந்தை காலை இழுத்து இழுத்து நடந்தாள். பேரணாம்பட்டில் பழைய ஷூ தைக்கும் பாய் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது ஷூவா, செங்கல்லா? எம்.சி.ஆர் போடுப்பா." கரிகிரியில் தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்குத் தைக்கிறார்களே, அந்த மெத்தென்ற லேசான ரப்பர்தான். அதை அடுக்கி, பக்கவாட்டில் தேய்த்துச் சமப்படுத்தி, அடியில் மட்டும் ஒரு கெட்டிச் சோல் ஒட்டினோம். விரல் பக்கம் சோலைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் தடித்த சோல் மடங்காமல் குழந்தை தடுக்கி விழும்.

முழு வித்தியாசத்தையும் ஏற்றச் சொல்ல மாட்டார்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டுத்தான் ஏற்றுவார்கள். அளவை டாக்டரிடம் கேளுங்கள். ஓ.பி.யில் அவர் குட்டைக் காலுக்கு அடியில் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, பின்னால் உட்கார்ந்து இடுப்பெலும்பு இரண்டும் ஒரே மட்டம் வருகிறதா என்று பார்ப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டை எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள்.

ஆறாம் படி: நீட்டுவதா, எடுப்பதா

பாதத்தை எடுப்பது என்றதும் நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம். நானும் பொத்திக்கொண்டவன்தான். ஆனால் வரிசையில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நான்கு வயதுப் பையன், ஒரு வயதில் பாதம் எடுத்தவன், செயற்கைக் காலோடு வராந்தா முழுக்க ஓடிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்து உட்கார வைக்க அவன் அம்மா படாத பாடு பட்டாள். சைம் என்றும் பாய்டு என்றும் சொல்லும் இந்த அறுவையில் குதிகாலின் தடித்த சதையை விட்டுவைத்து முனையாக்குகிறார்கள். அதனால் ராத்திரி பாத்ரூமுக்குச் செயற்கைக் கால் மாட்டாமலே போய்விடலாம். நம் வீடுகளில் அது பெரிய சௌகரியம். குழந்தை நிற்கத் தொடங்கும் ஒரு வயதை ஒட்டிச் செய்தால், வேறு கால் இருந்தது என்ற நினைவே இருக்காது. வளர வளரக் காலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் செலவு வாழ்நாள் முழுக்க. அமெரிக்காவில் 1975-இல் இரண்டு காலிலும் ஃபிபுலா இல்லாமல் பிறந்த எய்மி மல்லின்ஸுக்கு ஒரு வயதில் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 1996-இல் அட்லாண்டா பாராலிம்பிக்கில் ஓடினார், நீளம் தாண்டினார்.

என் மகளுக்கு ஏழரை சதவீதம், நான்கு விரல், தட்டையான பாதம். அதனால் நீட்டுவது என்று முடிவானது. எட்டு வயதில் செய்தார்கள்.

சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் 1950-களில் இலிசரோவ் என்ற டாக்டர் கண்டுபிடித்த முறை இது. எலும்பைக் கவனமாக வெட்டி, காலைச் சுற்றி உலோக வளையங்கள் மாட்டி, கம்பிகளால் எலும்போடு இணைப்பார்கள். ஒரு வாரம் போல விட்டுவிட்டு மெதுவாக விலக்கத் தொடங்குவார்கள். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் நான்காகப் பிரித்து, ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டர். விலகிய இடைவெளியில் உடம்பே புது எலும்பை நிரப்பும். அவசரப்பட்டால் எலும்பு வராது, மெதுவாகப் போனால் முன்கூட்டியே கூடிவிடும்.

காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, ராத்திரி தூங்கப் போகும்போது. சின்ன ஸ்பானரால் கால்வாசித் திருப்பு. திருப்புவது வலிக்காது. ராத்திரிதான் வலி, சதை இழுபடும் வலி. ஐந்து சென்டிமீட்டருக்கு 50 நாள் திருப்பினோம். அதன் பிறகு எலும்பு கெட்டியாகும் வரை வளையம் இருக்க வேண்டும். ஏப்ரலில் மாட்டியதை நவம்பரில் கழற்றினார்கள்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை சில. வேலூர் வெயிலில், அதுவும் கத்திரியில், கம்பி நுழையும் இடங்களில் வேர்வை தேங்கும். டாக்டர் சொன்ன முறையில் தினமும் துடைக்க வேண்டும். சிவந்து, நீர் கசிந்து, தொட்டால் வலித்தால் அன்றே போங்கள், திங்கட்கிழமை வரை பார்க்காதீர்கள். பாவாடை போதும், பேண்ட் என்றால் பக்கத்தில் பிரித்து வெல்க்ரோ தைக்க வேண்டும். இந்தியன் டாய்லெட் முடியாது. பிசியோதெரபியை ஒரு நாள் விட்டாலும் முழங்கால் மடங்கிப் போகும், ஏ.சி.எல் இல்லாத முழங்கால் நீட்டும்போது நழுவக்கூடும் என்பதால் அதைத் தனியாகக் கண்காணிப்பார்கள். கழற்றிய பிறகும் புது எலும்பு முறியலாம், வளையலாம். இத்தனையையும் ஏழு மாதம் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் முழுநேரம் வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், முடிவு மாறலாம்.

ஏழாம் படி: காகிதங்கள்

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூரில். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டையில். குடியாத்தம், காட்பாடி வேலூரிலேயே. வைத்தியம் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மட்டும் உங்கள் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைத்தான் பார்க்க வேண்டும். இது தெரியாமல் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வேலூரில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். 2016 சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று இருந்தால்தான் பல சலுகைகள். இந்த 40 வேறு, மேலே சொன்ன கால் நீளச் சதவீதம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். குழந்தைக்குத் தருவது தற்காலிகச் சான்றாக இருக்கலாம், அதன் கடைசித் தேதியைப் பாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். குறிப்பிட்ட அறுவை அதில் சேருமா என்று தேதி குறிக்கும் முன்னாலேயே ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள்.

இப்போதைய நிலை

இன்றைக்கு வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள், உள்பட்டையோடு சரி. முழங்கால் கொஞ்சம் உள்ளே மடங்குகிறது. சின்னத் தகடு வைத்து வளர்ச்சியைத் திருப்பலாமா என்று அடுத்த மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு விரல் பாதம் மற்றதைவிட ஒரு சைஸ் சின்னது, அதனால் ஸ்கூல் ஷூ எடுக்கும்போது 2-இல் ஒரு ஜோடி, 3-இல் ஒரு ஜோடி. மீந்து போகும் ஒற்றை ஷூக்களை என் மனைவி பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். யாருக்காவது உதவும் என்கிறாள். இடது கால் ஒரு சைஸ் சின்னதாக உள்ள குழந்தை யாராவது நம் பக்கம் இருந்தால், போன வருடத்து ஜோடி புதுசு மாதிரியேதான் இருக்கிறது.